கேளுங்கள், சொல்கிறேன்: வாங்கி மூன்று வாரம்தான் ஆச்சு, அதற்குள் புது மாடலா?

போன இதழில் லேப்டாப் வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், "இதை ஏன் அக்கா ஒரு மாசம் முன்னாடி எழுதலை?" என்கிற ரகம். வாங்கப் போகிறவர்களைவிட வாங்கி முடித்தவர்கள்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள். சரி, இந்தத் தடவை முழுப் பக்கமும் அவர்களுக்கே. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும்.

நான் வீட்டிலிருந்தே நாலு பனியன் கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறேன். டேலி, எக்செல், ஜிஎஸ்டி ரிட்டர்ன், இவ்வளவுதான் வேலை. ஆவணியில் 64,000 ரூபாய்க்கு ஒரு லேப்டாப் எடுத்தேன். 8 ஜிபி ராம் (திறந்திருக்கும் வேலைகளை அப்போதைக்கு வைத்துக்கொள்ளும் மெமரி), ஒன்பது மாச இஎம்ஐ. சரியாக 22 நாள். அதே கம்பெனியின் அதே மாடல் புதுசாக வந்துவிட்டது. 16 ஜிபி, ஸ்க்ரீன் இன்னும் பளிச்சென்று இருக்கிறது, விலை 63,000! கடையில் கேட்டால் திருப்பி எடுக்க மாட்டோம், எக்ஸ்சேஞ்சில் 38,000 தருகிறோம் என்கிறார்கள். வீட்டுக்காரர் தினமும் ஒரு தடவை "நான் அப்பவே சொன்னேன், தீபாவளி வரைக்கும் பொறுன்னு" என்கிறார். ராத்திரி படுத்துக்கொண்டு போனில் அந்தப் புது மாடலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாற்றிவிடலாமா அக்கா?
வாசகி, பல்லடம்

மாற்றாதீர்கள். கணக்கு எழுதுகிறவர் நீங்கள், உங்களுக்கு நான் கணக்குச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான், ஆனாலும் ராத்திரி பதினொரு மணிக்குப் போனைப் பார்க்கும்போது யாருக்கும் கணக்கு வராது. 64,000 கொடுத்தாகிவிட்டது, அதாவது கொடுக்க ஒப்புக்கொண்டாகிவிட்டது. 38,000 திரும்ப வரும். புதுசுக்கு 63,000. கையிலிருந்து இன்னும் 25,000 போட வேண்டும். ஆக மொத்தம் 89,000 ரூபாய் கொடுத்து 63,000 ரூபாய் மெஷின் ஒன்றை வாங்கப் போகிறீர்கள். உங்களிடம் கணக்கு எழுதக் கொடுக்கும் பனியன் கம்பெனிக்காரர் யாராவது இப்படிச் செய்தால் என்ன சொல்வீர்கள்?

சரி, பணக் கணக்கு அவ்வளவுதான். மனசு ஆறவில்லையே, அதற்கு வருவோம்.

ஆனி மாதம் கல்யாணத்துக்குப் பட்டு எடுத்தவர்கள் வீட்டைப் பார்த்திருப்பீர்கள். ஆடி பிறந்ததும் அதே கடை வாசலில் தள்ளுபடி போர்டு தொங்கும், அதே கலர் புடவை கண்ணாடிக்குப் பின்னால் பொம்மை மேல் இருக்கும், பெண்ணின் அம்மா பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் யாரும் புடவையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சண்டை போடுவதில்லை. கல்யாணம் ஆனியில் இருந்தது, புடவை ஆனியில் தேவைப்பட்டது, கதை முடிந்தது. லேப்டாப்புக்கு மட்டும் ஏன் முடிய மாட்டேன் என்கிறது என்று நானும் யோசித்துப் பார்த்தேன். ஒரு காரணம் உங்கள் இஎம்ஐ. மாதா மாதம் பணம் பிடித்த எஸ்எம்எஸ் வரும்போதெல்லாம் காயம் புதுசாகிறது. இன்னொன்று அந்தப் போன். புடவைக் கடை பொம்மை உங்கள் படுக்கைக்கு வராது. இது வருகிறது. நீங்கள் நாலு தடவை பார்த்ததும் அதே லேப்டாப்பின் விளம்பரத்தை உங்கள் கண் போகிற இடத்திலெல்லாம் காட்ட ஆரம்பித்துவிடுவார்கள், அது அவர்கள் தொழில்.

டேனியல் கானமன், அமோஸ் டுவர்ஸ்கி என்று இரண்டு உளவியல் அறிஞர்கள். 1979-ல் அவர்கள் எழுதிய கட்டுரை ஒன்று பொருளாதாரப் படிப்பையே கொஞ்சம் திருப்பிப் போட்டது. கானமனுக்கு 2002-ல் பொருளாதார நோபல் கிடைத்தது, டுவர்ஸ்கி அதற்கு ஆறு வருடம் முன்பே இறந்துவிட்டார். அவர்கள் சொன்னதில் நமக்கு வேண்டியது இரண்டு. லாபத்தையும் நஷ்டத்தையும் நாம் எங்கேயோ ஒரு கோடு போட்டு அதிலிருந்துதான் அளக்கிறோம். அப்புறம், அதே நூறு ரூபாய் வந்தால் வரும் சந்தோஷத்தைவிடப் போனால் வரும் வலி பெரிசு. உங்கள் விஷயத்தில் வாங்கிய அன்றைக்குக் கோடு எங்கே இருந்தது? உங்கள் பழைய லேப்டாப்பில். அதோடு ஒப்பிட்டால் இது தேர் மாதிரி. 22-ம் நாள் கோடு நகர்ந்து புது மாடல் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. லேப்டாப் அங்கேயேதான் இருக்கிறது. அன்றைக்கு டேலி எத்தனை நொடியில் திறந்ததோ இன்றைக்கும் அத்தனை நொடிதான்.

இது உங்களுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. 2007 ஜூன் 29-ல் முதல் ஐபோன் 599 டாலருக்கு வந்தது. ராத்திரியெல்லாம் வரிசையில் நின்று வாங்கினார்கள். செப்டம்பர் 5-ம் தேதி அதே போன் 399 டாலர். பத்து வாரம்கூட முழுசாக ஆகவில்லை! வாங்கியவர்கள் போட்ட கூச்சலில் ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸே ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி, முன்னால் வாங்கியவர்களுக்கு 100 டாலர் கூப்பன் கொடுத்தார், அதுவும் அவர் கடையிலேயே செலவழிக்க. 2012 மார்ச்சில் வந்த மூன்றாவது ஐபேடுக்கு அக்டோபரிலேயே நான்காவதை அறிவித்துவிட்டார்கள். சார்ஜர் ஓட்டை முதற்கொண்டு மாறிவிட்டது. அப்புறம் 2024. அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 31. அதற்கு முதல் நாள், அக்டோபர் 30-ம் தேதி, 8 ஜிபி ராமோடு விற்றுக்கொண்டிருந்த தன் மேக்புக் ஏர் லேப்டாப்பில் எம்2, எம்3 இரண்டையும் அதே விலைக்கு இனி 16 ஜிபி என்று ஆப்பிள் அறிவித்தது. இங்கே எம்3-யின் விலை அப்போது 1,14,900 ரூபாய். அந்த வாரம் போனஸ் பணத்தில் 8 ஜிபி வாங்கியவர்களை நினைத்துப் பாருங்கள். அதில் ராமைப் பின்னால் கூட்டவும் முடியாது.

நான் மட்டும் என்ன கிழித்தேன்? 2017 ஜூலையில் ஒரு லேப்டாப் வாங்கினேன், இன்டெலின் ஏழாம் தலைமுறை ஐ5 சிப், இரண்டு கோர் (கோர் என்பது சிப்புக்குள் வேலை செய்யும் கை மாதிரி). பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கிழிக்கவில்லை, மூடி மேல் ஒட்டிய பாதுகாப்புத் தாள் அப்படியே இருந்தது, ஆகஸ்ட் 21-ல் எட்டாம் தலைமுறையை அறிவித்துவிட்டார்கள். அதே ஐ5, நாலு கோர். ஒன்று கூடுதல் என்றால்கூடப் பரவாயில்லை, இரட்டிப்பு! எங்கள் மச்சினர் டிசம்பரில் அதை வாங்கி வந்து என் மேஜையிலேயே வைத்துத் திறந்தார். நாலு வருடம் கழித்து விண்டோஸ் 11 வந்தபோது பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் என்று சொல்லி என்னுடையதை வெளியே நிறுத்தினார்கள். யாரையும் குறை சொல்வதற்கில்லை, என் ஜாதகம். ஆனால் அந்த லேப்டாப்பில் எட்டு வருடம் எழுதினேன். இந்தப் பத்தியே அதில் பிறந்ததுதான். கோர் குறைவு என்பதால் ஒரு கட்டுரைகூட நின்றதில்லை, நின்றதெல்லாம் கரண்ட் போய்த்தான். மச்சினருடையது ஐந்தாவது வருடம் கீலில் உடைந்தது, அது வேறு கதை, அதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டதை இங்கே எழுதக் கூடாது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டிய வேலை. ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் போடும் கடைசி நாள், 20-ம் தேதி, டேலி, எக்செல், பிரவுசரில் பத்துப் பக்கம் எல்லாம் திறந்து கிடக்கும் நேரத்தில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் 8 ஜிபியில் எவ்வளவு ஓடுகிறது என்று காட்டும். ஐந்து, ஆறில் நின்றால் மூடிவிட்டுப் போய்ப் படுங்கள். ஏழைத் தாண்டி, ஒரு ஷீட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது மெஷின் முழித்துக்கொண்டு நிற்கிறது என்றால் உங்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது. அப்போதும் லேப்டாப்பை மாற்ற வேண்டாம். அதே பக்கத்தில் ஸ்லாட் எத்தனை, அதில் எத்தனை பயன்படுகிறது என்று பெரும்பாலும் போட்டிருக்கும். இரண்டில் ஒன்று என்று இருந்தால் காலி இடத்தில் இன்னொரு ராம் போட்டால் போதும். சர்வீஸ் சென்டரில் கேட்டுவிட்டுப் போடுங்கள், வாரண்டி விவகாரம். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக் கிடக்கிறது, அதனால் இரண்டு மூன்று கடையில் விசாரியுங்கள். எப்படிப் பார்த்தாலும் 25,000 ஆகாது. ராம் போர்டோடு பற்றவைத்ததாக இருந்தால்தான் வழியில்லை, அப்போது பிரவுசரில் பக்கங்களைக் குறைப்பது ஒன்றுதான்.

வீட்டுக்காரரிடம், இந்தத் தீபாவளிக்குப் பிறகு வரும் மாடலுக்காகப் பொங்கல் வரைக்கும் பொறுக்கச் சொல்லியிருப்பாரா என்று கேட்டுப் பாருங்கள்.

மகன் பொறியியல் படிக்கிறான். 2024 ஏப்ரலில் "ஏஐ லேப்டாப்" என்று ஸ்டிக்கர் ஒட்டியதைப் பார்த்து நல்ல விலை கொடுத்து வாங்கினேன். இப்போது "அப்பா, இது உண்மையான ஏஐ லேப்டாப் இல்லை, வேற வாங்கணும்" என்கிறான். ஏமாந்துவிட்டேனா?
வாசகர், திண்டுக்கல்

ஏமாறவில்லை ஐயா, கொஞ்சம் அவசரமாகப் பிறந்த வார்த்தையை வாங்கிவிட்டீர்கள். உங்கள் லேப்டாப்பில் ஏஐ கணக்குகளுக்கென்று என்பியூ என்ற தனிப் பகுதி இருக்கும். அந்த நாளில் வந்த இன்டெல் சிப்புகளில் அதன் திறன் சுமார் 11 டாப்ஸ். டாப்ஸ் என்பது ஒரு நொடியில் எத்தனை லட்சம் கோடி கணக்குகள் போடும் என்கிற அளவு. நீங்கள் வாங்கிய அடுத்த மாதமே, மே 20-ம் தேதி, கோபைலட் பிளஸ் பிசி என்று மைக்ரோசாஃப்ட் ஒரு புது வகையை அறிவித்தது. அதில் சேர என்பியூ குறைந்தது 40 டாப்ஸ், ராம் 16 ஜிபி வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டிய பழைய லேப்டாப்புகள் எல்லாம் ஒரே நாளில் வாசலுக்கு வெளியே. உங்கள் மகன் சொல்வது இதைத்தான், அந்த அளவில் அவன் சொல்வது சரி.

ஆனால் வெளியே நின்றதால் என்ன போயிற்று என்று கேளுங்கள். ஸ்க்ரீனில் பார்த்ததையெல்லாம் ஞாபகம் வைத்துத் தேடித் தரும் ரீகால் என்ற வசதி போயிற்று. அது அந்தரங்கத்துக்கு ஆபத்து என்று பெரிய சண்டையாகி, தள்ளிப் போய்த் தள்ளிப் போய் 2025 ஏப்ரலில்தான் வந்தது. பெயிண்டில் படம் வரைந்து தருவது, பேச்சை உடனுக்குடன் மொழிபெயர்த்து எழுத்தாகக் காட்டுவது, இப்படிச் சில. மகன் ராப்பகலாகப் பேசிக்கொண்டிருக்கும் சாட்ஜிபிடி, ஜெமினி எல்லாம் இந்த என்பியூவைத் தொடுவதே இல்லை. எங்கோ தூரத்து டேட்டா சென்டரில் ஓடுகின்றன, நம் லேப்டாப் வெறும் ஜன்னல். பத்து வருடப் பழைய லேப்டாப்பிலும் அவை அப்படியேதான் பதில் சொல்லும்.

பையனை உட்கார வைத்து, "இந்த லேப்டாப்பில் செய்ய முடியாத உன் காலேஜ் வேலை ஒன்றே ஒன்றைச் செய்து காட்டு" என்று சொல்லுங்கள். திட்டாதீர்கள், நிஜமாகவே பாருங்கள். காட்டினால் யோசிக்கலாம். எனக்கென்னவோ அவன் கேட்பது ஏஐ லேப்டாப் மாதிரித் தெரியவில்லை, ஹாஸ்டல் ரூமில் எவனோ புதுசு வாங்கியிருக்கிறான்.

நான் 4060 கிராபிக்ஸ் கார்டு லேப்டாப் வைத்திருக்கிறேன். நண்பன் 5060 வாங்கிவிட்டான். கடுப்பாக இருக்கிறது.
வாசகர், வேலூர்

அவனுடையது வேகம்தான், அதை மறைக்க முடியாது. புது வகை கிராபிக்ஸ் மெமரி, அப்புறம் இரண்டு நிஜ ஃபிரேம்களுக்கு (திரையில் ஓடும் படங்களுக்கு) நடுவில் பல ஃபிரேம்களைத் தானாகச் செய்து செருகும் வித்தை, இரண்டும் உங்களிடம் இல்லை. ஆனால் மெமரி உங்களுக்கும் 8 ஜிபி, அவனுக்கும் 8 ஜிபி. அந்த வரிசையில் 2025-ல் வந்த 5070 லேப்டாப் கார்டுக்கும் அதே 8தான்! இன்னொரு விஷயம், ஒரே பெயருள்ள கார்டு மெல்லிய லேப்டாப்பில் ஒரு வேகத்திலும் தடித்த லேப்டாப்பில் வேறு வேகத்திலும் ஓடும், ஏனென்றால் எத்தனை வாட் கரண்ட் தருவது என்பதை லேப்டாப் செய்கிறவர் முடிவு செய்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒரே கேமை ஓட்டிப் பாருங்கள். நீங்கள் தோற்றாலும் கடுப்பு பாதியாகக் குறையும், பார்க்காமல் கற்பனை செய்யும்போதுதான் அவனுடையது ராக்கெட்.

புது மாடல் வரப் போவது கடைக்காரருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். சொல்லாமல் பழையதை என் தலையில் கட்டிவிட்டார். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமா?
ஓய்வு பெற்ற ஆசிரியர், நாகர்கோவில்

புது மாடல் வந்துவிட்டது என்பது மட்டும் காரணமென்றால் போக வேண்டாம் சார். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறையுள்ள பொருளைப் பற்றியும் முறையற்ற வணிகத்தைப் பற்றியும் பேசுகிறது. நன்றாக ஓடுகிற, சொன்னபடி இருக்கிற லேப்டாப் குறையுள்ள பொருள் ஆகாது. குறை இருந்தால் கதை வேறு: பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு எதுவும் போடவில்லையென்றால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதையே முறையற்ற வணிகம் என்கிறது சட்டம். பில் தராததும் அப்படித்தான். ஷோரூமில் காட்சிக்கு வைத்திருந்ததைப் புதுசு என்று விற்றிருந்தாலோ, 16 ஜிபி என்று பில் போட்டு 8 ஜிபி கொடுத்திருந்தாலோ 1915-க்கு போன் போடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கிய பொருளைக் காரணமே சொல்லாமல் 14 நாளுக்குள் திருப்பித் தரலாம். இங்கே ஆன்லைனில் வாங்கினாலும் லேப்டாப்புக்குப் பெரும்பாலும் மாற்றித் தருவது மட்டும்தான், அதுவும் பழுதென்றால்தான்.

கடைக்காரருக்குத் தெரிந்திருக்கலாம். மூடையில் பழைய அரிசி இருக்கும்போது புது அரிசி வண்டியில் வருகிறது என்று எந்த மளிகைக்கடைக்காரர் சொல்வார்?

புது லேப்டாப் மேல் ஆசை எத்தனை நாள் இருக்கும்?
வாசகி, சேலம்

பழமொழியில் ஆசை அறுபது நாள், மோகம் முப்பது நாள். லேப்டாப்புக்கு, கீபோர்டில் முதல் தடவை டீ கொட்டும் வரைக்கும்.

புது மாடலை முன்னாலேயே அறிவித்ததால் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியே திவாலானது என்றும், அதை நடத்தியவர் எங்கள் ஊரில் வளர்ந்தவர் என்றும் ஒரு நண்பர் சொல்கிறார். கதை விடுகிறாரா?
வாசகர், திருவண்ணாமலை

கதை விடவில்லை! ஆடம் ஆஸ்பர்ன். 1939-ல் பாங்காக்கில் பிறந்தவர். அப்பா ஆர்தர் ஆஸ்பர்ன் ரமண மகரிஷியின் அடியவர். இரண்டாம் உலகப் போரில் அப்பா தாய்லாந்தில் ஜப்பானியர்களிடம் சிறைப்பட்டிருக்க, அம்மாவும் பிள்ளைகளும் திருவண்ணாமலையில் இருந்தார்கள். ஆடம் கொடைக்கானலில் பள்ளிக்கூடம் போனார். பிறகு இங்கிலாந்து, அமெரிக்கா, ரசாயனப் பொறியியல், அப்புறம் கம்ப்யூட்டர் பற்றி எழுதுவது, பதிப்பிப்பது என்று போய், 1981-ல் ஆஸ்பர்ன் 1 என்ற கம்ப்யூட்டரை வெளியிட்டார். கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய கம்ப்யூட்டர்களில் முதலில் நன்றாக விற்றது அதுதான். தூக்கிக்கொண்டு போவது என்றால், சுமார் 11 கிலோ. தையல் மிஷின் பெட்டி மாதிரி ஒரு பெட்டி, கைப்பிடி, மூடியைக் கழற்றினால் அதுவே கீபோர்டு, நடுவில் 5 அங்குல ஸ்க்ரீன், இரண்டு பக்கமும் ஃபிளாப்பி. பேட்டரி கிடையாது. விலை 1,795 டாலர், அந்த விலைக்குள்ளேயே மென்பொருள்களையும் சேர்த்துக் கொடுத்தார், அதுதான் அவர் சாமர்த்தியம். மாதம் பத்தாயிரம் விற்ற காலமெல்லாம் உண்டு.

1983-ல் எக்ஸிக்யூட்டிவ் என்று அடுத்த மாடல், 7 அங்குல ஸ்க்ரீன், வரப் போகிறது என்ற பேச்சு வெளியே போனது. கடைக்காரர்கள் பழையதற்குக் கொடுத்த ஆர்டரை நிறுத்தினார்கள், ஜனங்கள் "அது வரட்டும்" என்று காத்திருந்தார்கள், புதுசு கைக்கு வருவதற்குள் பழையது குவிந்து பணம் வறண்டுவிட்டது. செப்டம்பரில் திவால். இன்றைக்கும் வியாபார உலகில் இதற்கு ஆஸ்பர்ன் விளைவு என்றுதான் பெயர். வரலாறு எழுதுகிறவர்களில் சிலர் இதை முழுசாக ஒப்புக்கொள்வதில்லை: போட்டியாகக் கேப்ரோ என்ற கம்பெனி 9 அங்குல ஸ்க்ரீனோடு வந்து ஏற்கெனவே வியாபாரத்தைப் பிடுங்கிக்கொண்டிருந்தது, அறிவிப்பு மேல் மட்டும் பழி போட முடியாது என்பார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது, ஒரு வாய் வார்த்தையில் சாகும் கம்பெனிக்கு வேறு வியாதியும் இருந்திருக்கும்.

கடைசிக் காலத்தில் இந்தியாவுக்கே திரும்பி வந்துவிட்டார். 2003 மார்ச்சில், நீண்ட நாள் நோய்க்குப் பிறகு கொடைக்கானலில் காலமானார். பள்ளிக்கூடம் போன அதே மலை.

இதிலிருந்து பல்லடத்து வாசகிக்கும் ஒரு தகவல்: அடுத்தது என்ன என்பதைக் கம்பெனிகள் கடைசி நிமிடம் வரை மூடி வைப்பது ஏதோ உங்கள் மேலுள்ள விரோதத்தில் இல்லை. ஆஸ்பர்னுக்கு நடந்ததை எல்லோரும் படித்திருக்கிறார்கள்.

2022-ல் இருந்து லேப்டாப் வாங்கக் காத்திருக்கிறேன். முதலில் இன்டெலின் 13-ம் தலைமுறை சிப் வரட்டும் என்றார்கள், பிறகு அல்ட்ரா, பிறகு ஏஐ. எப்போது வாங்கினால் வருத்தப்படாமல் இருக்கலாம்?
வாசகர், காரைக்குடி

உங்கள் கடிதம் கோடு போட்ட நோட்டுத் தாளில், நீல மையில், அழகான கையெழுத்தில் வந்திருக்கிறது. பார்த்ததும் எனக்குப் பாவமாகப் போய்விட்டது. இந்தப் பக்கத்தில் எழுதிய எல்லோருக்கும் வாங்கிய வருத்தம், உங்கள் ஒருவருக்குத்தான் வாங்காமலே வருத்தம். நாலு வருஷம் ஆகப் போகிறது சார்.

காலண்டர் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஜனவரி முதல் வாரத்தில் லாஸ் வேகஸில் சிஇஎஸ், மே கடைசி ஜூன் வாக்கில் தைபேயில் கம்ப்யூடெக்ஸ், இரண்டு கண்காட்சியிலும் புது சிப், புது லேப்டாப் என்று அறிவித்துத் தள்ளுவார்கள். அங்கே அறிவித்தது நம் ஊர்க் கடைக்கு வரச் சில மாதம் பிடிக்கும், அந்த இடைவெளியில் பழைய சரக்கு விலை குறையும். விவரமானவர்கள் அந்தப் பழைய சரக்கைத்தான் வாங்குகிறார்கள், நானும் இப்போது அந்தக் கட்சி. புதுசு என்று பெயர் வைத்ததெல்லாம் உள்ளேயும் புதுசு என்று நம்பிவிடாதீர்கள். 2023-ல் வந்த, ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 7 7730யு என்ற சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள், முன்னால் இருக்கும் 7-ஐப் பார்த்தால் புத்தம் புதுசு. உள்ளே இருப்பது 2020-ல் வந்த ஜென் 3 வடிவமைப்பு. அந்த 7000 வரிசையில் மூன்றாவது எண்தான் உண்மையைச் சொல்லும், அது 3 என்றால் ஜென் 3, 2 என்றால் இன்னும் பழசு. மோசமான சிப் இல்லை, நன்றாகவே ஓடும். ஆனால் இதற்காக முந்தின வருடத்துக்காரர் வயிறு எரிந்திருந்தால் அது வீண்தானே?

காத்திருந்தால் விலை குறையும் என்பதும் எப்போதும் நடப்பதில்லை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போனதில் 2025 கடைசியில் ராம் விலை எகிறியது. கிங்ஸ்டன், குரூஷியல் என்று கடையில் கேட்டு வாங்குவோமே, அதில் குரூஷியல் பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்பதையே நிறுத்துவதாக அதைச் செய்யும் மைக்ரான் கம்பெனி அந்த டிசம்பரில் அறிவித்தது. அதற்கு முந்தின ஆடியில் வாங்கிவிட்டு "அவசரப்பட்டுவிட்டேனோ" என்று எனக்கு எழுதிய ஒருவர், இப்போது அதே மாடலின் விலையைப் பார்த்துவிட்டு இனிப்பு அனுப்பியிருக்கிறார். அவருக்கும் எதுவும் முன்னால் தெரியாது.

கடிதத்தில் உங்கள் வேலை என்ன என்று எழுதவில்லை. கதை, கடிதம், பென்ஷன் வேலை, பேரனோடு வீடியோ கால் என்றால் 16 ஜிபி ராம், ஃபைல்களை வைக்க 512 ஜிபி எஸ்எஸ்டி, தட்டிப் பார்த்துக் கைக்குப் பிடித்த கீபோர்டு, இவ்வளவு போதும். கீபோர்டைக் கடையில் போய்த் தட்டித்தான் பார்க்க வேண்டும், உங்கள் கையெழுத்துக்கு நல்ல கீபோர்டாக அமைய வேண்டும். ராம் பின்னால் கூட்ட முடியுமா என்று கேளுங்கள், முடியாது என்றால் இப்போதே 16. வருகிற சனிக்கிழமை காலையில் போங்கள், கூட்டம் இருக்காது. பில்லை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கியதும் முதல் வேலையாக எனக்கு ஒரு மெயில் அனுப்புங்கள், நீல மைக் கடிதம் வராமல் போகுமே என்று எனக்குத்தான் கொஞ்சம் வருத்தமாக இருக்கும்.